முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவ. நாம வெளிய பேசக் கூச்சப்படற விஷயம் ஒண்ணை இன்னிக்குப் பேசப்போறேன்.

எங்க குழு அக்கா ஒருத்தருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் வைக்கிற சிகிச்சைக்குப் பொதுவா வாரத்துக்கு 5 நாள், சுமார் 5 வாரம் போகணும். கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சு, சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வாங்க. பை நிறைஞ்சிருந்தா குடல் விலகும், அதுமேல கரண்ட் படறது குறையும். ஆனா அதே சிகிச்சையால சிறுநீர்ப்பை எரிச்சலாகி, இருமினா, தும்மினா கசியவும் செய்யலாம். அதுக்குப் பயந்து பல பேர் தண்ணியே குடிக்கறதில்லை. சில பேர் ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்திடறாங்க. அப்படி நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

இதுக்கு உதவற ஒரு பயிற்சி, இடுப்பு அடித்தசைப் பயிற்சி. கீகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948ல எழுதினது. சிறுநீரையும் காத்தையும் அடக்கற மாதிரி உள்ளே இறுக்கணும். அஞ்சு எண்ணற வரைக்கும் பிடிச்சு, அதே அளவு நேரம் தளர விடணும். மூச்சை அடக்கக்கூடாது. வயிறு, தொடை, பின்பக்கம் இறுகக்கூடாது. பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. சிகிச்சையில இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்கணும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தா செய்யக்கூடாது. பலன் தெரிய வாரக்கணக்கில், சில பேருக்கு மாசக்கணக்கில் ஆகும்.

சொல்லிக் கொடுத்தா எல்லாரும் தலையாட்டுவோம். வீட்டுக்குப் போனா பாதிப் பேர் விட்டுடுவோம். அதனால "செஞ்சியா?"ன்னு மட்டும் கேட்டாப் போதாது. "செய்ய முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?"ன்னு கேட்கணும். பார்பரா புரூம் என்ற அமெரிக்க நர்ஸ், சிறுநீர் கசியற பெண்களுக்காக இதை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரிச்சாங்க. பயிற்சியைச் செய்ய முடியுமா, கசியாம தடுக்க முடியுமான்னு ரெண்டு பகுதி. 0லிருந்து 100 வரை மார்க்.

நாங்க அதை 10 மார்க்கா வெச்சு அந்த அக்காவைக் கேட்டோம். படுத்துக்கிட்டுச் செய்ய? 8. உட்கார்ந்து செய்ய? 6. பஸ்ல நின்னுக்கிட்டு? 2. அந்த 2தான் எங்களுக்கு வழி காட்டிச்சு. விசாரிச்சா, நிக்கும்போது மூச்சை அடக்கி வயித்தை இறுக்கியிருக்காங்க. பிசியோதெரபி மேடம் அதைத் திருத்தினாங்க. நாலு வாரத்துல 2, 5 ஆச்சு. தண்ணி பாட்டிலும் பைக்குள்ள ஏறிச்சு.

இந்த மார்க் பரீட்சை மார்க் இல்லை. குறைவாச் சொன்னவங்களைத் திட்டக்கூடாது, எங்கே கை கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கணும். நம்பிக்கை எப்படி வளரும்னு பண்டுரா என்ற மனவியல் அறிஞர் 1977லயே எழுதினார். தானே கொஞ்சம் செஞ்சு ஜெயிக்கறது, தன்னை மாதிரி ஒருத்தர் செய்யறதைப் பாக்கறது, பக்கத்துல இருக்கறவங்க தைரியம் சொல்றது, உடம்பும் மனசும் பதட்டமில்லாம இருக்கறது. முதல் கடனை அடைச்ச பிறகுதானே நாமளும் ரெண்டாவது கடனுக்குத் தைரியமாக் கையெழுத்துப் போட்டோம்? இதுவும் அதே மாதிரிதான்.

கடைசியா மூணு வேண்டுகோள். சிகிச்சையில இருக்கிற உறுப்பினரை வாரம் ஒரு தடவை தனியாச் சந்திச்சு இந்தக் கேள்வியைக் கேளுங்க. தீர்மான நோட்டுல அவங்க பேரை எழுதாதீங்க. மார்க் ஏறலைன்னாலோ, ரத்தம், காய்ச்சல், வலி இருந்தாலோ உடனே டாக்டர்கிட்ட அனுப்புங்க. 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க, கேட்டு வாங்குங்க.

ஒரகடம் கம்பெனி பஸ்ல போற நம்ம பொண்ணுங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.