வெளியே போகும் காற்றுக்கு வரவு எங்கிருந்து?

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். வரவும் செலவும் டேலி ஆகாமல் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இன்று காற்றின் வரவு செலவைப் பற்றிப் பேசுகிறேன்.

போன பொதுக்குழு இதே ஹாலில்தான் நடந்தது. ஏசி ஓடுகிறது, கரண்ட் வீணாகும் என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னவன் நான். இரண்டு மணி நேரம் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அடுத்து என் மனைவிக்கு. அவளுக்கு ஆஸ்துமா, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இங்கேதான் தொற்றியது என்று காட்ட என்னிடம் வவுச்சர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் வெளியேற்றுகிறது. ஒருவர் இருமினால் நுண்துளிகள் அங்கேயே சுற்றும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2003-இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் கண்டது. விசாரணையில் பாத்ரூம் தரையிலுள்ள ட்ராப் மீது கவனம் விழுந்தது. அதில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே கதவு. பல வீடுகளில் தரையைக் கழுவாமல் துடைத்தே வந்ததால் தண்ணீர் வற்றியிருந்தது. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், வெளியே போன காற்றுக்கு ஈடாகக் கழிவுக் குழாய்க் காற்று கிருமியோடு உள்ளே வந்தது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

நம் பிளாக்குகளிலும் பூட்டிய வீடுகள் உண்டு. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூம்கள் உண்டு. ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: பயன்படுத்தாத பாத்ரூம் ட்ராப்பில் வாரம் ஒரு முறை இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியூர் போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் நான் ஊற்றுகிறேன்.

இரண்டு: எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது வீட்டில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். கொசு வரும் என்றால் வலை அடித்துக்கொள்ளலாம்.

மூன்று: இந்த ஹாலில் கூட்டம் நடந்தால், ஏசி ஓடினாலும், எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கரண்ட் பில் கொஞ்சம் கூடும். ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவன் சொல்கிறேன், இது குறைவுதான். இருமல் சளி உள்ளவர்கள் வீட்டிலிருந்தே கையெழுத்து அனுப்பலாம். கோரம் கெடாமல் செயலாளர் பார்த்துக்கொள்வார்.

பேசி முடித்ததும் இந்தப் பக்க ஜன்னலை நான் திறக்கிறேன். எதிர்ப் பக்கத்தை நீங்கள் யாராவது திறந்துவிடுங்கள்.