இல்லத்தில் நிலைகொள்ளும் விசுவாசம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், கோட்டைக்குப்பத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கூடித் தமிழ் வளர்த்துவரும் இவ்வட்டம் தன் விழாவை இந்த ஏரிக்கரையில் நடத்துவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. பழவேற்காட்டுக் கரையில் ஒரு கிறித்தவ மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். குடும்ப வாழ்வில் விசுவாசம் எவ்வாறு நிலைகொள்கிறது என்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். நான் இறையியல் கற்றவன் அல்லேன். இல்லறத்தில் கண்டவற்றையும் நூல்களில் கற்றவற்றையும் மட்டுமே இங்கே சொல்ல விழைகிறேன்.

1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடாகக் கிடக்கிறது. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-இல் தோன்றியதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயத்திலோ இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஆட்சிகள் மாறின; வாணிகம் இடம் பெயர்ந்தது. எனினும் மன்றாட்டு மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்துள்ளது. பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளமிடக் கற்றுத் தந்த வீடுகள் இல்லையேல் இத்தொடர்ச்சி நிகழ்ந்திருக்குமோ என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் தலைசிறந்தது வீரமாமுனிவரின் தேம்பாவணி. இத்தாலியில் பிறந்து, தமிழகத்திற்கு வந்து தமிழ் கற்ற அத்துறவி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தம் பெருநூலுக்கு யாரைத் தலைவனாக்கினார்? மன்னனையோ போர்வீரனையோ அன்று. வளன் என்று அவர் பெயரிட்ட சூசையப்பரை, தச்சுத் தொழில் செய்து மனைவியையும் மகனையும் காத்த ஒரு குடும்பத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரவில் எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படும் செயலே அவருடைய பேச்சாகிறது. துறவறவியலுக்கு முன் இல்லறவியலை வைத்த திருவள்ளுவரின் நாட்டில் இத்தகைய காப்பியம் பிறந்தது பொருத்தமே.

நம் கரைக்கு இன்னும் நெருங்கிய காட்சி ஒன்று மாற்கு எழுதிய நற்செய்தியில் உள்ளது. இயேசு தொழுகைக் கூடத்தை விட்டு நேரே சீமோன் என்னும் மீனவரின் வீட்டிற்குச் செல்கிறார். அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலால் படுத்திருக்கிறார். இயேசு அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், காய்ச்சல் நீங்குகிறது. அவ்வம்மையார் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். நீண்ட சொற்பொழிவு ஏதும் அங்கே இல்லை. ஒரு வீடு, ஒரு நோயாளி, பிடித்த ஒரு கை, பின்பு பரிமாறப்பட்ட உணவு. இவையே அங்கு உள்ளவை. நம் வீடுகளிலும் நாள்தோறும் நிகழ்பவை இவைதாமே!

இவ்வூரில் பாடு என்றொரு முறை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் சீட்டுப் போட்டு, மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் இன்று பிறருக்கு வாய்த்திருக்கலாம். நம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அம்முறைக்குள் இடம்பெறாதோரின் மனக்குறையும் இக்கரையில் உண்டென்பதை மறைத்தல் ஆகாது. பங்கு கிடைக்காதவரை நினைப்பதும் விசுவாசத்தின் கடமையே. ஆயினும், முறை வராத நாளில் வெறுங்கையோடு வீட்டில் இருக்கக் கற்றுக்கொள்வது மனத்துக்குப் பெரும் பயிற்சி. உலை வைக்க அரிசி குறைந்த அந்நாளில் கணவன் மனைவியிடமும் தாய் பிள்ளைகளிடமும் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதில்தான் அவ்வீட்டின் விசுவாசம் வெளிப்படும்.

எனினும் பொறுமையால் விளங்கிக்கொள்ள இயலாத துயரங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலையில், ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைத் தாக்கியது. 2011 டிசம்பர் 25 அன்று, அப்பெருவிழா நாளிலேயே, இவ்வேரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஒருவருக்கொருவர் உறவினர். ஏன் என்னும் வினாவுக்கு என்னிடம் விடையில்லை. விடை உண்டென்று எளிதாகக் கூறுவோரைக் கண்டு நான் அஞ்சுகிறேன்.

அவ்வினாவை என் வீட்டிலும் நான் கேட்டதுண்டு. என் இளமையில் ஒருநாள் என் தந்தையார் தொழிலுக்குச் சென்று உயிரோடு திரும்பவில்லை. அதன்பின் நான் ஆலயத்திற்குச் செல்வதை நிறுத்தினேன். அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்தியில் ஜெபமாலை சொல்லுவது வழக்கம். மன்றாட்டின் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர் சொல்லுவர். முற்பாதி எப்போதும் அப்பாவினுடையது. அவர் மறைந்த பின்னும் அம்மா விளக்கேற்றி அமர்வார்; முற்பாதிக்குரிய நேரம் மௌனமாக இருப்பார்; பிறகு தம் பாதியைச் சொல்லுவார். நான் திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பல மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் மாலை அந்த மௌனத்தை என்னால் தாங்க இயலவில்லை. திண்ணையில் இருந்தபடியே முற்பாதியைச் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம்போலத் தம் பாதியைச் சொன்னார். மாலை முடிந்ததும், "கஞ்சி ஆறுதுப்பா, வந்து குடி" என்றார். அவ்வளவே.

அன்று என் ஐயங்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐயத்தோடும் அமர்வதற்கு அவ்வீட்டில் எனக்கோர் இடம் காத்திருந்தது. அம்மா அந்த இடத்தைத் தாம் நிரப்பிக்கொள்ளாமலும், என்னை அங்கே இழுத்து வைக்காமலும் காத்திருந்தார். மனம் நிலைகொள்வது என்று நான் அறிந்தது அதுவே. இன்று என் வீட்டில் முற்பாதி என்னுடையது. சில மாலைகளில் என் மகன் வந்து அமர்வதில்லை. அப்போது அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, பெரிய சொற்களால் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க முயல்கிறோம். அவர்களோ நம் மௌனத்தையும், நாம் பரிமாறும் கஞ்சியையும், சண்டைக்குப் பின் நாம் பேசும் முதற்சொல்லையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைச் செம்மையாக வைத்துக்கொள்வோம். இவ்வட்டம் இன்னும் பல்லாண்டுகள் தழைக்க வேண்டும்.