கயிறு இறங்கும் முன்பே தொடங்கும் மருத்துவம்

(நமது சங்கத்தின் மழைக்கால முன்னேற்பாடு கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமானப்படை நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ஹெலிகாப்டர் சத்தம் ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் 2 அன்று அந்தச் சத்தத்தை வேறு மாதிரி கேட்டோம். அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. ராமாபுரத்தில் மொட்டை மாடியில் சிக்கிய நிறைமாத கர்ப்பிணியை விமானப்படையினர் கயிறு இறக்கித் தூக்கினார்கள். இரண்டே நாளில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன.

2018 ஆகஸ்ட் 17-இல் கேரளாவில், ஆலுவா பக்கம், பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணைக் கடற்படையினர் மீட்டார்கள். முதலில் ஒரு டாக்டரைக் கயிற்றில் கீழே இறக்கினார்கள். அவர் பரிசோதித்த பிறகே அந்தப் பெண்ணை மேலே தூக்கினார்கள். கொச்சி கடற்படை மருத்துவமனையில் அன்றே ஆண் குழந்தை பிறந்தது.

டாக்டர் ஏன் முதலில் இறங்க வேண்டும்? கயிற்றில் தொங்கும்போது எந்தச் சிகிச்சையும் செய்ய முடியாது. உள்ளே போன பிறகும் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பயன்படாது. அதிர்வில் நாடி பார்ப்பதே சிரமம். ஆகவே ரத்தப்போக்கை நிறுத்துவது, முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடுவது எல்லாம் மாடியிலேயே முடிய வேண்டும். எல்லா ஹெலிகாப்டரிலும் டாக்டர் வருவார் என்றும் சொல்ல முடியாது. அதனால் பாதி வேலை உங்களுடையது.

நனைந்தவருக்கு விசிறிக் காற்று பட்டால் உடல் சூடு வேகமாக இறங்கும். ஈரத்துணியை மாற்றி, போர்வையை இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். பறக்கக்கூடிய பக்கெட், தகரம், கொடித்துணி அனைத்தையும் அகற்றுங்கள். கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்து விறைத்தவரை நிமிர்ந்த நிலையில் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். இறங்கி வரும் வீரரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

கொக்கியில் நிலைமின்சாரம் இருக்கும். அது தரையைத் தொடும் வரை கை வைக்காதீர்கள். அதைக் கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்க் குழாயிலோ ஒருபோதும் மாட்டாதீர்கள். அக்குளுக்குக் கீழே பட்டை மாட்டியதும் கைகளைத் தூக்கக் கூடாது, உடம்பு நழுவிவிடும்.

அந்த இரைச்சலில் யாரிடமும் எதையும் விளக்க முடியாது. எனவே பெயர், வயது, நோய், மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, கர்ப்பிணி என்றால் எத்தனையாவது வாரம் என்று ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நோயாளியின் சட்டைக்குள் வைத்துப் பின் குத்துங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. ஹெலிகாப்டர் என்பது வேறு வழியே இல்லாதபோது வருவது. பலத்த காற்றும் மின்கம்பிகளும் அதையும் தடுத்துவிடலாம். டயாலிசிஸ் செய்பவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள், படுத்த படுக்கையானவர்கள், பிரசவ தேதி நெருங்கியவர்கள் ஆகியோரைத் தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே காரிலோ 108-இலோ அனுப்பிவிட வேண்டும். 2015-இல் போன்களும் வேலை செய்யவில்லை. அதனால் பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் அதன் தலைப்பில் எழுதிவிடலாம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் தெருப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காகவும் நீங்களே கேட்டுக் கொடுங்கள்.