போதகர் பணியில் திருமறை விளக்கம்

36 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பேசியவன் நான். பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் சொல்லுவது நம் முன்னே விரிந்திருக்கும் நூலின் பொருளா, அன்றி அந்நூலின் பெயரால் நாம் சொல்ல விரும்பும் நம்முடைய சொந்தக் கருத்தா என்பதே அக்கேள்வி. ஆசிரியருக்கும் இது பொருந்தும், வழக்கறிஞருக்கும் பொருந்தும். எல்லாரினும் மிகுதியாகப் பொருந்துவது கிறிஸ்தவப் போதகருக்கு. ஆகவே, போதகர் பணியில் திருமறை விளக்கம் பெறும் இடத்தைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எச்சமயத்தவராயினும், சொல்லுக்கும் அதைச் சொல்பவனுக்கும் உள்ள உறவை அறிய இது உதவும்.

நம் கொடைக்கானலை இன்று கோடைக்கால உல்லாச நகரமாகவே பலரும் அறிவர். ஆனால், இவ்வூரின் தோற்றத்திற்கும் பிரசங்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1834ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெப்பத்துக்கும் கொள்ளைநோய்க்கும் தங்களுள் பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோர் உயிர்காக்க இடம் தேடிப் பழனிமலை மீது ஏறி, 1845ஆம் ஆண்டில் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். ஊர் ஊராகச் சென்று பேசிப் பேசித் தளர்ந்தவர்கள் மூச்சு வாங்க ஏறிவந்த மலை இது எனலாம். பின்னர் 1895ஆம் ஆண்டில் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். குருத்துவப் பணிக்குத் தங்களை ஒப்புவித்த இளைஞர் பலர் அங்கே பயின்றனர்.

இம்மலையில்தான் கால்டுவெல் கண்மூடினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்டவர் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1838ஆம் ஆண்டில் சென்னையில் வந்து இறங்கி, மூன்று ஆண்டுகள் தமிழ் பயின்று, மக்களை அறிய வேண்டும் என்ற விருப்பத்தால் தென்பாண்டி நாடு வரை பெரும்பாலும் கால்நடையாகவே சென்றவர். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் அவர் மறைந்தார். அவருடல் மலையிலிருந்து கீழே கொண்டுசெல்லப்பட்டு, இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மொழியாராய்ச்சி அவருக்குப் புகழ் தந்தது. எனினும் அவருடைய வாழ்நாள் தொழில் போதகத் தொழிலே.

திருமறையைத் தமிழில் திருத்தி அமைத்த குழுவிலும் கால்டுவெல் ஓர் உறுப்பினர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. அதே நூற்றாண்டில் ஃபபிரீசியஸ் மற்றொரு மொழிபெயர்ப்புச் செய்தார். அவற்றையெல்லாம் ஒப்புநோக்கி, போவர் என்பவர் தலைமையில் ஒரு குழு உழைத்ததன் பயனாக 1871ஆம் ஆண்டில் வெளிவந்ததே, இன்றளவும் பல சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995ஆம் ஆண்டில் வந்தது.

ஒரு வாக்கியத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடி அறிஞர் பலர் ஏன் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும்? மேடையில் நிற்பவர் கையில் இருக்கும் நூல், கீழே அமர்ந்திருக்கும் உழவன் கையிலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே. நூல் இருவர் கையிலும் இருக்கும்போது பேசுபவர் மனம்போனவாறு பேச இயலாது. முற்காலத்தில் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில், பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே ஓலையில் எழுத்தாணியால் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எழுத்தாணி ஓடும் ஓசை காதில் விழும்போது எந்தப் பிரசங்கியும் சொல்லை அளந்துதானே பேசுவார்!

நிற்க. திருமறைப் பிரசங்கம் என்பது யாது? தமிழ் மாணவர்க்கு இதை விளக்குவது எளிது. நம்மிடம் மூலம் என்றும் உரை என்றும் ஒரு மரபு உண்டு. பரிமேலழகர் குறளுக்கு உரை எழுதினார். நச்சினார்க்கினியர் தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் எழுதினார். அவர்கள் எத்துணைப் புலமை உடையவராயினும், மூலத்துக்குப் பின்னேதான் நிற்கின்றனர். மூலம் சொல்லாததை அவர்கள் சொன்னால், கற்றவர் அதைக் கண்டுபிடித்துக் கேட்கின்றனர். போதகரும் அவ்வாறே ஓர் உரையாசிரியர். ஒரு பகுதியை வாசித்து, அது யாரால், யாருக்கு, எந்நிலையில் சொல்லப்பட்டது என்று தெளிவாக்கி, பின்பு அது தம் முன்னே அமர்ந்திருப்போருக்கு என்ன சொல்கிறது என்று எடுத்துக்காட்டுவதே திருமறைப் பிரசங்கம். ஒரு வசனத்தை முளையாக அடித்துவிட்டு, அதில் தமக்கு விருப்பமான கருத்துக்களையெல்லாம் கட்டிவைப்பது திருமறைப் பிரசங்கம் ஆகாது.

இம்முறை பழமையானது. சிறையிருப்பிலிருந்து மீண்ட யூத மக்களுக்கு எஸ்றா என்னும் வேதபாரகர் எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னுள்ள வீதியில் நின்று மறைநூலை வாசித்ததையும், கேட்போருக்கு விளங்கும்படி உடனிருந்தோர் பொருள் சொன்னதையும் நெகேமியாவின் நூல் கூறுகிறது. பிற்காலத்தில் ஜெனீவா நகரில் கால்வின் பணியாற்றினார். 1538ஆம் ஆண்டில் அந்நகரத்தார் அவரை வெளியேற்றினர். 1541ஆம் ஆண்டில் திரும்ப அழைத்தனர். மீண்டும் மேடை ஏறிய அவர், தம்மைத் துரத்தியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், முன்பு எந்த இடத்தில் விளக்கத்தை நிறுத்தினாரோ அதற்கு அடுத்த பகுதியிலிருந்தே தொடர்ந்தார். தம் மனத்தாங்கலைக் கொட்டுவதற்கு உரிய இடம் பிரசங்கபீடம் அன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனால் விளையும் நன்மையை நான் நூலில் படித்து அறிந்ததைவிடச் சிறுவயதில் கண்டு அறிந்ததே மிகுதி. ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன், மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் வாழ்ந்தோம். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் ஊர். ஓட்டுக்கூரை வேய்ந்த சிறு ஆலயம் ஒன்று இருந்தது. போதகருக்குப் பல ஊர்கள். ஆகவே எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறையே அவரால் வர இயலும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார்.

ஓர் ஐப்பசி அடைமழையில், சாலையோரக் கற்சுவர் இடிந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் இருவர் மாண்டனர். ஒருவர் எங்கள் சபையைச் சேர்ந்த கைம்பெண் ஒருவரின் ஒரே மகன். மறு ஞாயிறு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். கணீரென்ற குரல், கேட்டோர் மெய்சிலிர்த்தனர். சுவர் விழுந்தது பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று அவர் முழங்கினார். அந்தத் தாய் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. ஊரார் அவர் வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினர்.

எங்கள் போதகர் தம் முறை வந்தபோது மழையில் நனைந்தபடி நடந்து வந்தார். நேரே அந்த வீட்டுக்குச் சென்று, நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பின்பு அத்தாயையும் அழைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். அன்று அவர் வாசித்தது லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத் தொடக்கம். சீலோவாம் என்னும் இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்ட செய்தி அங்கே வருகிறது. மாண்டவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று இயேசு கேட்கிறார். அல்ல என்று அவரே விடையும் சொல்கிறார்.

போதகர் குரலை உயர்த்தவில்லை. சீலோவாம் எங்கே இருந்தது, கேட்டவர்கள் எத்தகைய எண்ணத்தோடு இருந்தார்கள் என்று சொன்னார். "நம்மூர்ச் சுவர் ஏன் விழுந்தது என்பதை இந்த நூல் சொல்லவில்லை, ஆகவே நானும் சொல்லமாட்டேன். ஆனால், செத்தவர்களின் பாவக்கணக்கைப் பார்க்காதே என்று இந்த நூல் சொல்கிறது, அதை நான் சொல்லாமல் விடமாட்டேன்" என்றார். அப்பகுதியின் பின்பாதியில், கேட்போரும் மனந்திரும்பாவிடில் கெட்டுப்போவர் என்னும் எச்சரிக்கை இருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்தவர் அதை மறைத்துவிடலாம் அல்லவா? அவர் மறைக்கவில்லை. அந்த வார்த்தை இறந்தவர்களை நோக்கியதன்று, அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நம்மை நோக்கியது என்று காட்டினார். சபையார் தலைகுனிந்தனர். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், தம் புத்தகத்தில் அவ்வரியின்மேல் விரலை வைத்தபடியே இருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஆராதனை முடிந்தபின், அந்தத் தாய் போதகரிடம் வந்து, "ஐயா, என் மகனை இன்றைக்குத்தான் அடக்கம் பண்ணினேன்" என்றார். அப்போது எனக்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. வயது ஏற ஏற விளங்கிற்று.

சிந்தித்துப் பாருங்கள். இரண்டு பிரசங்கிகளும் ஒரே மேடையில் நின்றனர். ஒரே நூலைக் கையில் பிடித்திருந்தனர். முதல்வர் நூலை மூடிவைத்துவிட்டுத் தம் எண்ணத்துக்குக் கடவுளின் பெயரைச் சூட்டினார். இரண்டாமவர் நூலைத் திறந்து, அது பேசிய அளவுக்கே பேசினார்; அது மௌனமாக இருந்த இடத்தில் தாமும் மௌனம் காத்தார். மேடையின் பலம் பெரிது. அதில் நிற்பவரைக் கட்டுப்படுத்த மூலநூல் ஒன்று இல்லையெனில், அப்பலம் எளியவர் மேல்தான் முதலில் விழும்.

இத்தகைய பிரசங்கம் திடீரென வந்துவிடாது. ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தார்கள். இன்றைய பாடத்தின் நோக்கம் யாது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத இயலாதவன் வகுப்புக்குள் நுழையக் கூடாது என்பர். போதகருக்கும் இவ்விதி உண்டு. வாரத் தொடக்கத்திலேயே பகுதியைப் படிக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்களை ஒப்பிட வேண்டும். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். தோட்டத் தொழிலாளி, விடுதிப் பணியாளர், கல்லூரி மாணவி ஆகியோர் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் மலைச்சபையில் அவையறிதல் எளிய செயலன்று.

ஆனால் போதகருக்கு ஓய்வு ஏது? ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை, நோயாளிகளைக் காணுதல், சபைக் கணக்கு, கட்டட வேலை என்று நாட்கள் கரைந்துவிடுகின்றன. சனிக்கிழமை இரவில் எஞ்சும் அரைமணி நேரமே பிரசங்கத்துக்குக் கிடைக்கிறது. இந்த இடர்ப்பாடும் புதியதன்று. எருசலேமின் ஆதிச்சபையில் பந்தி விசாரிப்பு பெருகியபோது, அப்பணிக்கு எழுவரைத் தேர்ந்து அமர்த்திவிட்டு, அப்போஸ்தலர் தங்களை ஜெபத்துக்கும் வசனப்பணிக்கும் விடுவித்துக்கொண்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதையே உணர்ந்தது. 1963ஆம் ஆண்டில் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், மறையுரை வழிபாட்டின் ஒரு கூறே என்று வலியுறுத்தி, வழிபாட்டில் தாய்மொழிக்கும் இடந்தந்தது.

அங்ஙனமாயின் போதகர் அறையைத் தாழிட்டுக்கொண்டு நூலிலேயே மூழ்கியிருந்தால் போதுமா? போதாது. எங்கள் போதகர் முதலில் சென்றது மேடைக்கன்று; அந்தத் தாயின் வீட்டுக்கு. அங்கே அவர் பேசாது அமர்ந்திருந்த நேரம்தான், எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். வீடுகளை அறியாதவர் செய்யும் விளக்கம் வறண்ட இலக்கணப் பாடமாகிவிடும். நூலை அறியாதவர் சொல்லும் ஆறுதலோ காற்றோடு போய்விடும். இரண்டும் கூடிய இடத்தில்தான் பிரசங்கம் பிறக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; சிலர் வழக்கறிஞராவீர்கள்; சிலர் போதகராகவும் ஆகலாம். எவராயினும், பிறர் நம்பிக் காது கொடுக்கும் இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். அன்று உங்கள் கையில் ஒரு நூல் இருக்கும். அது சொல்வதை முழுதும் சொல்லுங்கள். சொல்லாததை அதன் பெயரால் சொல்லாதீர்கள். உங்கள் முன்னே, முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு தாய் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.