கர்ப்பிணியின் கலமும் களியுருண்டையும்

(ஓசூரில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கர்ப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறும்படி காரியதரிசியார் நம்மைப் பணித்தனர். நாம் வைத்தியரல்லோம். ஆயினும் சென்ற வருஷம் இவ்வியாதி நம் இல்லத்திலேயே புகுந்தது. அப்பொழுது நமது அறியாமையால் ஒரு கர்ப்பிணியை எட்டு நாள் அரைப்பட்டினி போட்ட பிழைக்கு நாமே ஆளானோம். இன்று பேசுவதற்கு நமக்குள்ள யோக்கியதை அது ஒன்றே.

நம் மருமகள் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் முறைவேலை பார்ப்பவள். ஆறாம் மாதத்தில் சர்க்கரை மிகுந்திருக்கிறதென்று தெரிந்தவுடன் வீடு இரண்டு கட்சியாயிற்று. ஆனேக்கல்லிலிருந்து வந்த சம்பந்தியம்மாள், இரண்டு உயிருக்கு உண்ண வேண்டியவளைத் தடுக்கலாகாதென்றார். நாமோ சோறு, களி, பால், பழம் யாவற்றையும் நிறுத்தி, மோரும் வெள்ளரியும் கொடுத்தோம். எட்டாம் நாள் அவள் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தாள். சிறுநீரைச் சோதித்த செவிலியர், உணவின்றி உடற்கொழுப்பு கரைந்து கீட்டோன் என்னும் பொருள் இறங்குகிறதென்று கூறி நம்மைக் கடிந்துகொண்டார். அக்கடிதல் நமக்குத் தக்கதே.

இவ்வியாதியின் இயல்பை அப்பொழுதுதான் கேட்டறிந்தோம். கரு வளர வளர, நச்சுக்கொடியினின்று ஊறும் சில சுரப்புகள் தாயின் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. அத்தடையை மீறுமளவு இன்சுலினைச் சுரக்க இயலாதவளின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அச்சர்க்கரை குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. ஆகவே குழந்தை தன் இன்சுலினையே மிகுதியாகச் சுரந்து, அளவுக்கு மீறிக் கொழுக்கிறது. பிறந்து கொடி அறுந்ததும் சர்க்கரை வரவு நின்றுபோக, சுரப்பு மட்டும் நில்லாமையால், அதன் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேரிடலாம். கொழுகொழுவென்ற பிள்ளையைக் கண்டு மகிழ்வது நம்மவர் வழக்கம்; அக்கொழுமை எப்பொழுதும் ஆரோக்கியத்தின் அடையாளமன்று.

இனி ஆகாரத்துக்கு வருவோம். நம் கிருஷ்ணகிரி ஜில்லாவில் கேழ்வரகைப் பற்றி ஒரு மயக்கமுண்டு. அது சர்க்கரை வியாதிக்கு மருந்தென்றும், எவ்வளவு உண்டாலும் தோஷமில்லையென்றும் அநேகர் நம்புகின்றனர். கேழ்வரகு நல்ல தானியமே. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதில் பத்திலொரு பங்கும் இல்லை. ஆனால் அதே 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்தும் உண்டு. எல்லைக்கப்பால் முத்தே என்றும் இப்பால் களி என்றும் நாம் கிண்டும் பெரிய உருண்டை ஒன்று இந்நோயாளிக்குப் போதும் போதும் என்னுமளவு சர்க்கரையாய் மாறும். ஏர் உழுத பாட்டனாருக்கு அளந்த உருண்டையை, எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து பாகங்களைப் பொருத்தும் பெண்ணுக்கு அளப்பது நியாயமா? மாவை மெல்லிதாய்க் கரைத்துக் காய்ச்சிய கூழோ களியைக் காட்டிலும் விரைவில் இரத்தத்தில் ஏறுகிறது. இதை நாம் அறியாமல், இலேசான ஆகாரமென்று கூழைக் குவளை குவளையாகக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு.

ஆகவே களியை விலக்க வேண்டுவதில்லை. உருண்டையைச் சிறிதாக்கி, அதனோடு சேர்வனவற்றைப் பெரிதாக்க வேண்டும். கீரை மசியல், கொள்ளுப்பருப்பு, மார்கழியில் நம் சந்தைகளில் குவியும் அவரை, அதன் பிதுக்கம்பருப்புக் குழம்பு, புசிப்பவர்க்கு முட்டையும் மீனும் — இவை கலத்தின் பெரும்பாகமாதல் வேண்டும். சோற்றுக்கும் இதே விதி. ஒரு நாளுணவை மூன்று வேளையும் இடையில் இரண்டு மூன்று சிற்றுணவுமாகப் பிரித்துண்பது நலம். பட்டினியும் பெருந்தீனியும் இரண்டும் தவிர்க்கப்படும். காலையில் சர்க்கரை எளிதில் ஏறுமாதலின் காலைப் பலகாரம் சுருக்கமாயிருக்கட்டும். மாம்பழக் காலத்தில் ஊரே மணக்கும்போது ஒரு துண்டையும் மறுப்பது கொடுமை. உணவோடன்றி இடைவேளையில் ஒரு சிறு துண்டு உண்ணலாம், சாறாகப் பிழிந்து குடிப்பது மட்டும் வேண்டாம். இரவு முறைக்குச் செல்பவள் பன்னும் தேநீருமாய் இரவைக் கழிக்காமல் வேகவைத்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ கட்டிச் செல்க. மருத்துவர் தடுக்காவிடில் உணவுக்குப்பின் சற்று நடப்பதும் உதவும்.

இவ்வாறு இரண்டு வாரம் உண்டபின், உணவுண்டு இரண்டு மணி கழிந்த சர்க்கரை 120-க்குக் கீழிருந்தால் ஆகாரமே போதும். இல்லையேல் மருந்தோ இன்சுலினோ கொடுக்க வேண்டுமென்பது மத்திய அரசாங்கத்தின் வழிகாட்டுதல். இன்சுலின் என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணீர் விட்டனர். அது நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைச் சேராது என்று தெரிந்தபின் அவ்வழுகை நின்றது. நம் மருமகளுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுபவள் ஆகாரத்தில் தவறினாள் என்று பழித்தல் தகாது.

சோதனை மிக எளிது. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகி, இரண்டு மணி கழித்து ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐ எட்டினால் நோய் உண்டென்பது கணக்கு. வெறும் வயிற்றோடு செல்ல வேண்டுவதில்லை. தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்கு இசைந்த இம்முறைக்காகச் சென்னையில் நெடுங்காலம் உழைத்தவர் டாக்டர் வி. சேஷையா, 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. கர்ப்பம் தெரிந்தவுடன் முதற் சோதனையும், அதில் நோய் இல்லையெனில் 24 முதல் 28-ஆம் வாரத்துக்குள் மறுசோதனையும் செய்யவேண்டும்.

இம்மறுசோதனையில்தான் நம் பகுதிக்கு ஒரு சங்கடம். அவ்வாரங்கள் ஆறாம் ஏழாம் மாதத்தில் விழுகின்றன. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. ஐந்துவகை சித்திரான்னம், இனிப்பு, பின்பு பிறந்தகப் பயணம். பிறந்தகம் எல்லைக்கப்பாலிருந்தால் இங்கே பதிந்த பிக்மி எண் ஒருபுறம், அங்கே கேட்கும் தாயி கார்டு மறுபுறம். நடுவில் சோதனை விடுபட்டுப்போகிறது. வளைகாப்புக்கு நாள் குறிக்குமுன் சோதனைக்கு நாள் குறியுங்கள். முடிவுத்தாளை மருமகளின் பைக்குள் வைப்பதோடு நில்லாமல் சம்பந்தியம்மாள் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்; அங்கே அடுப்படி அவர் வசமன்றோ?

பிரசவமானதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். வீட்டாரும் மறந்துவிடுவர். ஆயினும் பின்னாளில் நிரந்தர நீரிழிவு அவளைப் பற்றும் வாய்ப்பு மற்றவரினும் மிகுதி. ஆறாம் வாரத்தில் தாய்க்குக் குளுக்கோஸ் சோதனையை மீண்டும், இம்முறை வெறும் வயிற்றோடு, செய்யவேண்டும். குழந்தைக்கு ஊசி போடும் முறையும் அதே ஆறாம் வாரத்தில் வருகிறது; இரண்டுக்கும் ஒரே நாளில் சென்று வரலாம். நம் மருமகள் பேரக்குழந்தையை எடுத்துக்கொண்டு அவ்வாறே சென்றாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது குழந்தையை வைத்திருந்தது நாம்தான்.