ஒரே உலை: இறையியல் கல்வியும் கல்லறைச் சுவரும்



மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் உருவானது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து போதகர்களைப் பயிற்றுவிக்கும் இடம் அது. திருவிருந்தைப் பற்றியும் ஆயர் பதவியைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட சபைகள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தன. பெரிய காரியம்தான். ஆனால் சபைகள் சேர்ந்ததால் சாதி போய்விட்டதா?

இதை அந்த வளாகத்துக்குள் இருந்தே கேட்டவர், அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். கர்நாடக இசைக் கீர்த்தனைதான் கோயிலுக்குத் தகும் என்பதை அவர் ஏற்கவில்லை. நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டை அமைத்தார். இழிவென்று ஒதுக்கிய பறை ஆராதனைக்குள் வந்தது. 'ஒரே உலை' என்பது அவருடைய இறையியல். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே உலையில்தான் சோறு பொங்கும். திருவிருந்தின் பொருளும் அதுதான். அங்கே அமைந்த தலித் ஆதார மையம் கலைவிழா நடத்தியது, நம் எழுத்தைப் புத்தகமாக்கியது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. என் பாட்டியைச் சுவருக்கு இந்தப் பக்கம் அடக்கம் செய்தோம். வந்த போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றி நன்றாகப் பேசினார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கல்லூரி பறையடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். சம்பளமும் மாற்றலும் சபை நிர்வாகத்தின் கையில் அல்லவா இருக்கின்றன?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அதைத் திருத்தினார்கள். நமக்குத் திருத்தவில்லை. அரசிடம் மனுக்கொடுக்கும்போது, 'மதம் மாறியும் சாதிக் கொடுமை போகவில்லை' என்கிறது திருச்சபை. கல்லறைச் சுவரைக் காட்டினால், 'கிறிஸ்துவுக்குள் சாதி ஏது?' என்கிறது. இரண்டு நாக்கு இருக்கும் சபைக்கு ஒரே உலை எப்படி எரியும்?

இறையியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் படித்ததற்குப் பரீட்சை, முதல் அடக்க ஆராதனையில் நடக்கும். இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. சுவரைப் பற்றிப் பேசத் துணியும் போதகர் எங்கேனும் இருந்தால், மாற்றல் உத்தரவு வரும் நாளில் அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

ஜெய்பீம்.