வல்லாரையும் காரீயமும்

நவி மும்பையின் கோபர்கைரனே ரயில் நிலையத்துக்குக் கிழக்கே நடந்தால் மகாபே, பாவணே தொழிற்பேட்டை. கழிமுகம் தாண்டிப் போனால் தாராவியின் பங்கார் (பழைய சாமான்) கடைகள். பழைய பேட்டரி உடைப்பவர்கள், சோல்டரிங் புகையில் குனிந்திருப்பவர்கள் நம்மவர்களிலும் உண்டு. கை மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உடனே வைத்தியம் சொல்வார்: "வல்லாரை சாப்பிடுப்பா, நரம்புக்கு நல்லது."

நல்லதுதானா?

அந்த பேட்டரியிலும் சோல்டரிலும் இருக்கும் காரீயம் உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போடும். அந்த வேஷத்திலேயே எலும்பில் குடியேறும், மூளைக்குள்ளும் நுழையும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு தொங்கிப்போகலாம். குழந்தைகளுக்குப் புத்திக்கூர்மை மங்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எலிகளுக்குக் காரீயமோ அலுமினியமோ கொடுத்து, கூடவே வல்லாரை, நீர்ப்பிரம்மி, மஞ்சளின் குர்குமின் என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூளைச் சேதம் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் விஷமும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம் ஆளோ பல வருஷம் புகை குடித்தபிறகு கீரை தேடுகிறார். ரத்தத்தில் உள்ள காரீயம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டு தங்கும்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வும் உண்டு. ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்களுக்கு நான்கு வாரம் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமான மருந்தான பெனிசிலமைன் அளவுக்கே ரத்தக் காரீயம் இறங்கியது என்று 2012-இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் ஒரே ஆய்வு, சில வாரம். அதை நம்பி மருத்துவரை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008-இல் முடிவு வந்தது. விஷத்தை முறிக்க வாங்கிய டப்பாவிலேயே விஷம்! வல்லாரை வேண்டுமா, கீரையாக வாங்கித் துவையல் அரையுங்கள்.

அதைவிட, சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உள்ள கேழ்வரகுக்கு மதிப்பு அதிகம் என்பேன். அவை குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். காரீயத் தூசி அந்த உடுப்பில்தான் வரும்.

ரத்தத்தில் காரீயம் பார்க்கப் பரிசோதனை உண்டு. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்துவிட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள், என்ன சூரணம் சாப்பிடுகிறீர்கள், இரண்டையும் சொல்லுங்கள்.